பழைய மர மோட்டார் படகை வீட்டுக் கராஜிலேயே சரிசெய்வது எப்படி?

பழைய மரப் படகு வாங்கிய கையோடு பலரும் கடைக்குப் போய் வாங்கிவருவது வார்னிஷ் டப்பா. கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. பளபளக்கும் டெக்கைப் பார்த்துத்தான் நாம் மயங்குகிறோம். ஆனால் படகு மிதப்பதும் நேராக ஓடுவதும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பலகைகளின் தயவில்தான். அதனால் இந்த வழிகாட்டி அடியில் தொடங்கி மேலே வருகிறது. வேலையையும் இதே வரிசையில் செய்தால் ஒரே இடத்தை இரண்டு முறை தேய்க்க வேண்டியிருக்காது.

எல்லா மரப் படகுக்கும் பொதுவாக எழுதினால் யாருக்கும் முழுதாக உதவாது. ஆகவே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களிலும் வந்த 17, 18 அடி கிறிஸ்-கிராஃப்ட் படகுகள். அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், அல்கொனாக் என்ற சிற்றூரில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் (நிஜமாகவே அதுதான் அவர் பெயர்) தொடங்கிய குடும்பத் தொழிலில் பிறந்தவை. ஸ்போர்ட்ஸ்மன், ரிவியேரா போன்ற மாடல்களைத் தொழிற்சாலை வரிசையில் வைத்து நிறையச் செய்தார்கள். முதன்முறை இறங்குபவருக்கு இதனால் பெரிய வசதி. உதிரி பாகம் இன்றும் கிடைக்கும், இதே வேலையைச் செய்து முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இரண்டு கார் நிற்கும் கராஜில் படகும் நீங்களும் சேர்ந்து நிற்கலாம்.

சில பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னிருந்து பின்வரை ஓடும் அடிக்கட்டை ஏரா; அமெரிக்கர்கள் கீல் என்பார்கள். அதன்மேல் குறுக்கே நிற்கும் சட்டங்கள் வங்குகள். முன்முனை அணியம். பின்னால் மூடியிருக்கும் தட்டையான பலகை டிரான்சம். அடியும் பக்கமும் மடங்கிச் சேரும் விளிம்பு சைன். உள்ளே, அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம் பில்ஜ்.

வாங்கும் முன்: குத்தூசியும் டார்ச்சும்

படகைப் பார்க்கப் போகும்போது ஒரு குத்தூசி, ஒரு டார்ச், ஒரு நீள நூல் போதும். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, சந்தேகப்படும் இடத்தில் எல்லாம் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஊசி சிறிதுதான் இறங்கும், பிடுங்கும்போது எதிர்க்கும். இற்றுப்போன மரத்தில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களில்தான் மரம் முதலில் போகும்: டிரான்சத்தின் இரண்டு கீழ் மூலைகள், வங்குகள் ஏராவில் உட்காரும் நுனிகள், இன்ஜினுக்கு அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்கும் பகுதி, அணியக் கட்டையும் ஏராவும் சேரும் மூட்டு. ஏரியில் ஓடிய படகைவிடப் பல வருடம் திறந்த வெளியில் மழையில் நனைந்த படகு மோசமாக இருக்கும். உப்பு மரத்தை ஓரளவு காக்கும். மழைநீர்தான் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சையை வளர்க்கும். ஆனால் கடலில் ஓடிய படகில் பித்தளைத் திருகு இருந்தால் வேறு சிக்கல்: பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்புநீர் கரைத்துவிடும். மிச்சமிருக்கும் சிவந்த செம்பு விரலால் அழுத்தினாலே பொடியும்.

மர வேலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரம் மலிவு, உங்கள் உழைப்பு இலவசம். நான் பயப்படுவது காணாமல்போன உலோகப் பாகங்களுக்குத்தான். கண்ணாடித் தாங்கி, அணியத்தில் பொருத்தும் கட்வாட்டர் தகடு, ஸ்டீயரிங், டாஷ்போர்டு மீட்டர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவை இல்லாத படகு பாதி விலைக்கு வந்தாலும், ஒவ்வொன்றையும் தேடி வாங்கி முடிக்கையில் முழு விலையைத் தாண்டிவிடும். அடி அழுகி, உலோகம் முழுதாக இருக்கும் படகுதான் வீட்டில் வேலை செய்பவருக்கு ஏற்றது.

படகின் ஹல் எண்ணையும் (படகின் உடலுக்குத் தொழிற்சாலை கொடுத்த எண்) குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்-கிராஃப்டின் பழைய பதிவுகள் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால், உங்கள் படகு எந்த இன்ஜினோடு எந்த நிறத்தில் கிளம்பியது என்பதைக் காட்டும் ஹல் அட்டையின் பிரதி வாங்கலாம். இதைப் பார்க்காமல் நிறம் முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த சில படகுகளில் மஹோகனித் தட்டுப்பாட்டால் சீடார் பலகை போட்டுப் பெயிண்ட் அடித்தே விற்றார்கள். அந்தப் பெயிண்ட்டுக்குக் கீழே மஹோகனி ஒளிந்திருக்கிறது என்று சுரண்டிப் பார்த்தவர்கள் உண்டு.

மாநிலப் பதிவுப் பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் படகில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை: நூல் பிடித்து நிமிர்த்துவது

ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன் படகின் வடிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது முப்பது வருடம் தவறான டிரெய்லரில் உட்கார்ந்த படகின் அடி வளைந்திருக்கும். ஏராவின் பின்பகுதியில் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வோர் அடி தூரத்திலும் அளந்து எழுதுங்கள். பிறகு ஏராவுக்கும் சைனுக்கும் நடுவே அதேபோல் இரண்டு பக்கமும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இவை தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுகள் கிடையாது. வேகம் எடுத்ததும் தண்ணீரின் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு ஓடுபவை. அப்போது தண்ணீரைத் தொட்டிருப்பது பின்பக்க அடி மட்டும்தான், அது நேராக இருக்க வேண்டும். பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் அணியம் தண்ணீரில் அமுங்கி, திரும்பும்போது படகு பிடிவாதம் பிடிக்கும். மேல்நோக்கி வளைந்திருந்தால் வேகத்தில் அணியம் விடாமல் எழுந்து எழுந்து விழும். இரண்டையும் பிற்பாடு இன்ஜினைத் தொட்டுச் சரிசெய்ய முடியாது.

படகை ஏராவின் கீழே பல இடங்களிலும், சைனின் கீழே இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். தொய்ந்த இடத்தில் ஜாக்கி வைத்து, நாளுக்குக் கால் சுற்று அரைச் சுற்று என்று மெதுவாக ஏற்றினால் மரம் வழிக்கு வரும். ஒரே நாளில் ஏற்றினால் ஏதாவது ஒரு வங்கு வெடிக்கும். நேரானதும், உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் குறுக்குச் சட்டங்கள் அடித்து வடிவத்தைப் பூட்டிவிடுங்கள். இந்தச் சட்டங்கள் அடிவேலை முழுதாக முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

பிரிப்பது

போட்டோ எடுங்கள். பிறகு இன்னும் அதிகமாக எடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் அதன் திருகுகளோடு ஒரு ஜிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று எழுதுங்கள். உடைந்த மரத்துண்டைக்கூடக் குப்பையில் போடாதீர்கள். புதிய துண்டு வெட்ட அதுதான் அச்சு.

அடுத்து இன்ஜின் வெளியே வர வேண்டும். இந்த அளவுப் படகுகள் பலவற்றில் இருப்பது ஹெர்குலிஸ் பிளாக்கில் செய்த 95 குதிரைத்திறன் கே வகை ஆறு சிலிண்டர் இன்ஜின். தூக்க நல்ல காண்ட்ரியும் (பாரம் தூக்க நிறுத்தும் உயரமான சட்டம்) செயின் புல்லியும் வேண்டும். கராஜ் கூரையின் மர உத்தரத்தில் கட்டித் தூக்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

பலகையைக் கழற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு திருகுத் தலையின் மேலும் ஒரு சின்ன வட்ட மர மூடி அடித்திருப்பார்கள். மூடியின் நடுவில் சின்ன ஓட்டை போட்டு, அதில் ஒரு திருகை முறுக்குங்கள். திருகின் நுனி கீழே உள்ள தலையில் முட்டியதும் மூடி தானே மேலே எழும்பி வரும். உளியால் தோண்டினால் ஓட்டையின் விளிம்பு சிதையும், பிறகு புது மூடி ஒழுங்காக உட்காராது. திருகுத் தலையில் அடைந்திருக்கும் பழைய வார்னிஷைக் கூர்ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம்தான் திருப்புளி வைக்க வேண்டும்.

தலையில் கூட்டல் குறி தெரிந்தால் அவசரப்பட்டு பிலிப்ஸ் திருப்புளியை எடுக்காதீர்கள். அது ஃப்ரியர்சன் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஃப்ரியர்சனின் குழி இன்னும் ஆழம், முனை இன்னும் கூர்மை. பிலிப்ஸ் அதில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சரியான ஃப்ரியர்சன் பிட் ஒன்று வாங்கிவையுங்கள். அசையாத திருகின் தலையில் சால்டரிங் அயர்னைச் சில நிமிடம் வைத்துச் சூடாக்கினால் பெரும்பாலும் இளகும். அதற்கும் அசையாவிட்டால், திருகைச் சுற்றி மரத்தை வட்டமாக வெட்டும் குழாய் வடிவ எக்ஸ்ட்ராக்டர்தான் வழி.

அடிப்பாகம்: மொத்த வேலையின் பாதி

இன்ஜின் வெளியே போனதும் படகைக் கவிழ்க்கலாம். முன்னும் பின்னும் அகலமான பட்டைகளைச் சுற்றி, இரண்டு காண்ட்ரியில் செயின் புல்லி போட்டு, நான்கு பேர் சேர்ந்து மெதுவாக உருட்டினால் போதும். மல்லாந்து படுத்து மாதக்கணக்கில் தலைக்கு மேல் வேலை செய்வதைவிட ஒரு நாள் கவிழ்க்கப் படும் பாடு எவ்வளவோ மேல்.

தொழிற்சாலையில் அடியை இரண்டு அடுக்காகச் செய்தார்கள். உள்ளே மெல்லிய அடுக்கு, வெளியே மஹோகனிப் பலகை, நடுவில் பசைக் கலவையில் ஊறிய கேன்வாஸ் துணி. தண்ணீரில் விட்டதும் பலகை ஊறி உப்பி, இடுக்குகள் தானாக அடைபடும். நல்ல ஏற்பாடுதான், படகு கோடை முழுதும் தண்ணீரிலேயே நின்றால். இன்று பலரும் வார இறுதியில் டிரெய்லரில் இழுத்துப்போய் ஓட்டிவிட்டு அன்றே திரும்பக் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு முறையும் பலகை ஊறக் காத்திருக்க வேண்டும். பலகை ஊறி உலர்ந்து, ஊறி உலர்ந்து, திருகு ஓட்டைகளும் தளர்ந்துபோகும்.

அதனால் இன்று அதிகம் செய்யப்படுவது ‘5200’ அடிப்பாகம். 3எம் நிறுவனத்தின் 5200 என்ற பாலியூரிதேன் பசையை இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் பூசுவதால் வந்த பெயர். காய்ந்த பிறகும் ரப்பர்போல் இழுபடுவதால் மரம் அசைந்தாலும் கூடவே அசையும், நீர் உள்ளே வராது. பழைய முறையில் செய்ததுதான் அசல் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். காட்சிக்கு வைக்கும் அரிய படகென்றால் அவர்கள் சொல்வது நியாயம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகும் படகென்றால் நான் 5200 பக்கம்தான்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: பழைய பலகை அடியின் மேல் ஃபைபர்கிளாஸ் ஒட்டுவது. பலகைகள் தனித்தனியே விரிந்து சுருங்கும், ஃபைபர்கிளாஸ் அசையாது. சில பருவத்தில் விரிசல் விழும். விரிசலில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மரத்தை மக்கவைக்கும். ஏற்கெனவே யாராவது அப்படிச் செய்துவைத்த படகைப் பார்த்தால், அடி முழுதும் புதிதாகப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டே விலை பேசுங்கள்.

வேலை வரிசை இதுதான். வெளிப்பலகைகளை எண் போட்டுக் கழற்றி, உள்ளடுக்கையும் எடுங்கள். இப்போது ஏரா, வங்கு, சைன் எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். எல்லாவற்றையும் மறுபடி குத்தூசியால் சோதியுங்கள். ஏரா போயிருந்தால் முதலில் அது. பிறகு வங்குகள், ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். ஒன்றைக் கழற்றி, அதை அச்சாக வைத்துப் புதிது வெட்டி, பொருத்தி முடித்தபிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். நான்கைந்தை ஒன்றாகக் கழற்றினால், கஷ்டப்பட்டு நூல் பிடித்து நிமிர்த்திய வடிவம் அன்றைக்கே போய்விடும்.

ஓக் சட்டத்துக்கு ஓக் மரமே வேண்டும், அதிலும் வெள்ளை ஓக். மரக்கடையில் சிவப்பு ஓக் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடாதீர்கள். சிவப்பு ஓக்கின் நுண்துளைகள் திறந்தே இருக்கும். ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கின் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் தண்ணீர் ஏறாது. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம். வளைக்க வேண்டிய துண்டுக்குச் சூளையில் உலர்த்தாத மரமாகப் பார்த்து, ஆவிப்பெட்டியில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணிநேரம் என்ற கணக்கில் வைத்து எடுங்கள். எடுத்ததும் சில நொடிகளில் கிளாம்ப் போட்டாக வேண்டும். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

நீளம் போதாத இடத்தில் மரத்தோடு மரம் சேர்க்கும் சாய்வெட்டு, கனத்தைப்போல் குறைந்தது 8 மடங்கு நீளம் இருக்கட்டும். 12 மடங்கு என்றால் இன்னும் நல்லது.

சட்டங்கள் தயாரானதும் எல்லா மரத்துக்கும் ஊடுருவும் எபாக்ஸி சீலர் அடியுங்கள், எல்லாப் பக்கத்துக்கும், குறிப்பாக வெட்டுமுனைகளுக்கு. மரம் நீரைக் குடிப்பது பெரும்பாலும் முனை வழியாகத்தான். பிறகு உள்ளடுக்கு: கால் அங்குல மரைன் பிளைவுட், பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில். அதை வங்குகளின் மேல் 5200 வைத்துத் திருகுங்கள். அதன் மேல் வெளிப்பலகை வரும். கனத்தைப் பழைய பலகையில் அளந்துகொள்ளுங்கள். அகலத்துக்குப் பழைய பலகையை நம்ப வேண்டாம். அது உலர்ந்து சுருங்கியிருக்கும்; அதே அளவுக்கு வெட்டினால் கடைசிப் பலகைக்கு இடைவெளி மிஞ்சும்.

வெளிப்பலகைகளை முதலில் பசையில்லாமல் முழுதாகப் பொருத்தி, ஓட்டை போட்டு, எண் எழுதி, மறுபடி கழற்றுங்கள். இரட்டை வேலையாகத் தெரியும். ஆனால் 5200-ஐத் தடவிய பிறகு உளி எடுத்துச் செதுக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பல்லுள்ள கரண்டியால் உள்ளடுக்கில் சீராகப் பரப்பி, பலகையை வைத்து, திருகுகளை இறுக்கும்போது ஓரங்களில் பசை பிதுங்கி வர வேண்டும். பிதுங்கவில்லையென்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. கையில் பட்டால் நாள்கணக்கில் போகாது, சட்டையில் பட்டால் சட்டை படகுக்குச் சொந்தம். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஏறக்குறைய 2 நாள், முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும்.

திருகு சிலிக்கான் வெண்கலமாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்றில் துருப்பிடிக்காது. ஆனால் ஆக்சிஜன் கிடைக்காத ஈர மரத்துக்குள் புதைந்தால் குழி குழியாக அரித்துப்போகும். பழைய ஓட்டை தளர்ந்திருந்தால் ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள், 8-ஆம் எண் இருந்த இடத்தில் 10. வெள்ளை ஓக்கில் ஓட்டையின் அளவு கொஞ்சம் பிசகினாலும் வெண்கலத் திருகின் தலை முறிந்துவிடும். தேன்மெழுகைத் தடவி முறுக்குங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும்.

இன்ஜின்

பசை காயும் நாட்களில் இன்ஜின் பக்கம் போகலாம். சுற்றாத இன்ஜினை ஸ்டார்ட்டர் கொடுத்து உடைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கார் ஆட்டோமேடிக் கியரில் ஊற்றும் ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் கொஞ்சமாக அசைக்க வேண்டும். பிஸ்டன் இளகினாலும் வால்வுகள் சிக்கியிருக்கலாம். இவை வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் ஃப்ளாட்ஹெட் இன்ஜின்கள் என்பதால் ஹெட்டைக் கழற்றினால் வால்வு, பிஸ்டன் இரண்டும் கண்முன்னே தெரியும். பழைய இன்ஜின்களில் இந்த அளவு எளிமை எனக்குப் பிடிக்கும்.

தண்ணீர் பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். ஏரித் தண்ணீர்தான் இந்த இன்ஜினைக் குளிர்விக்கிறது. கராஜில் சோதித்து ஓட்டும்போது தோட்டக் குழாயையோ வாளித் தண்ணீரையோ உள்ளிழுக்கும் குழாயில் கொடுக்காமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

பெட்ரோல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது தரையில் இறங்கிப் போய்விடும், படகில் பில்ஜில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பழைய டேங்க், பழைய ரப்பர் குழாய் இரண்டையும் புதிதாக்குங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய குழாயையும் கேஸ்கெட்டையும் தின்றுவிடும். கார்புரேட்டரின் மேல், தீச்சுவாலை வெளியே வராமல் தடுக்கும் ஃப்ளேம் அரெஸ்டர் கட்டாயம். பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் மரைன் வகையாகவே இருக்கட்டும், உருவத்தில் ஒன்றான கார் பாகம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன், ஆவியை வெளியேற்றும் பில்ஜ் ப்ளோவர் விசிறியை 4 நிமிடமாவது ஓட்டுங்கள்.

பழைய பூச்சை எடுப்பது

படகை நிமிர்த்தி வைத்ததும் பக்கமும் டெக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் தடை செய்யப்பட்டதே 1978-இல்தான். அதற்கு முந்தைய படகில், முக்கியமாக பில்ஜின் செம்பெயிண்ட்டில், ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நுண்தூசியை வடிகட்டும் பி100 மாஸ்க் போட்டு, தூசி கிளம்பாமல் ஈரமாகத் தேயுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதை நீங்கள் பிய்க்க வேண்டாம்.

வார்னிஷை எடுக்க ஹீட் கன்னும் கூர்மையான சுரண்டியும் போதும். உப்புத்தாளை மெஷினில் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். பலகை ஓரங்கள் உருண்டு, நடுவில் பள்ளம் விழுவதும் அப்படித்தான். அது பத்தாவது கோட் வார்னிஷில் சூரிய வெளிச்சம் படும்போதுதான் தெரியும்.

மரத்தில் கருத்த கறைகள் இருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவி, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். இரும்பு பட்ட கறை இதில் போகும். இற்றுப்போன டெக் பலகையை மாற்றும்போது, பக்கத்துப் பலகையின் ரேகையோடு புதியதை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைப் பிறகு தேய்க்கும் ஸ்டெயின் (நிறச்சாயம்) சமாளிக்கும், ரேகையைச் சமாளிக்காது.

புது மர மூடிகளையும் இதே மரத்திலிருந்து வெட்டி, ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி அடியுங்கள். பசைக்குப் பதில் வார்னிஷில் தோய்த்து அடித்தால் பின்னால் இன்னொருவர் கழற்றும்போது உங்களைத் திட்ட மாட்டார். மேலே நீட்டியிருக்கும் பகுதியை உளியால் சீவும்போது முதல் வெட்டைக் கொஞ்சம் உயரத்திலேயே போடுங்கள். ரேகை எந்தப் பக்கம் சரிகிறது என்று அதில் தெரிந்துவிடும். பிறகு சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கம் நோக்கிச் சீவினால் மூடி பலகைக்குக் கீழே பிய்யாது.

ஸ்டெயின்

இந்தப் படகுகளின் சிவந்த நிறம் வார்னிஷிலிருந்து வருவதில்லை, அதற்கு முன் தேய்க்கும் ஃபில்லர் ஸ்டெயினிலிருந்து வருகிறது. அது மரத்தின் நுண்துளைகளை அடைத்து, நிறத்தையும் கொடுக்கும். தூரிகையால் பூசி, ஈரப் பளபளப்பு மங்கியதும், முரட்டுச் சாக்குத் துணியால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் தேயுங்கள். துளைகளுக்குள் போவது அந்தக் குறுக்குத் தேய்ப்பில்தான். கடைசியில் ரேகையோடு மெதுவாக ஒரு துடைப்பு. ஒரு சமயத்தில் மூன்றடி நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். காய்ந்துவிட்டால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. ஸ்டெயின் நிறத்தை முதலில் பழைய பலகைத் துண்டில் போட்டு, அதன் மேல் வார்னிஷும் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டெயின் தேய்த்த துணிகளைக் குவித்துப்போடக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவியலில் தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளியில் போடுங்கள்.

வார்னிஷ்

இப்போது அந்த டப்பாவைத் திறக்கலாம். முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, மரத்துக்குள் இறங்கும்படி. அடுத்தடுத்த கோட்டில் தின்னரைக் குறைத்துக்கொண்டே போங்கள். மொத்தம் 8 முதல் 12 கோட். சூரிய ஒளி பழைய வார்னிஷை உரித்துவிடும் என்பதால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஸ்பார் வார்னிஷ்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 220, பிறகு 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பான புள்ளிகள் மறைந்து முழுப்பரப்பும் மங்கினால்தான் அடுத்தது பிடிக்கும்.

கராஜ் தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கொஞ்ச நேரம் தூசி படிய விட்டு, பிறகு அடியுங்கள். வழிந்த வார்னிஷைத் தூரிகையால் திரும்பத் திரும்பத் தடவாதீர்கள். காய்ந்ததும் கத்தியால் சீவி எடுத்துவிடலாம், ஈரத்தில் தடவியது தழும்பாக நின்றுவிடும்.

டெக் பலகைகளுக்கு நடுவில் ஓடும் வெள்ளைக் கோடுகளைச் சில கோட் வார்னிஷ் ஏறிய பிறகு, இருபுறமும் டேப் ஒட்டி, வெள்ளை சீம் கலவையால் நிரப்புங்கள். முன்னாலேயே நிரப்பினால் ஸ்டெயின் அதில் ஏறி ரோஸ் நிறமாகிவிடும்.

குரோம் பாகங்களை முலாம் பூசுபவரிடம் கொடுப்பதுதான் ஒரே வழி. செலவும் இங்குதான் எகிறும். வெண்கல வார்ப்பு நன்றாக வரும், துத்தநாக வார்ப்பில் குழி விழுந்திருந்தால் அவரே தயங்குவார். வயரிங் முழுதும் புதிதாகப் போடுங்கள். 6 வோல்ட் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கேபிள் மட்டும் தடிமனாக இருந்தால் போதும். மெத்தைத் தையலுக்குப் பழைய உறைகளைக் கிழிக்காமல் கொடுத்தால் தையல்காரருக்கு வேலை பாதி.

தண்ணீரில் இறக்குவது

முதல் முறை டிரெய்லரிலிருந்து கழற்றாமலேயே மிதக்கும் அளவுக்குப் பின்னால் இறக்கி, தரைப்பலகைகளை எடுத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். 5200 பூசிய அடிப்பாகத்தில் பலகை வழியாக ஒன்றும் வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் ஷாஃப்ட், ரட்டர் (சுக்கான்), தண்ணீர் உறிஞ்சும் குழாய் ஆகியவை அடியைத் துளைக்கும் இடங்களில்தான். ஷாஃப்ட்டைச் சுற்றி நீரை அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸில், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். ஒரு சொட்டும் விழாமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். பழைய முறை அடியை வைத்துக்கொண்டவர்கள் படகைப் பட்டையில் தாங்கவைத்து, பம்ப் ஓடவிட்டு, 2 அல்லது 3 நாள் ஊறவிட வேண்டும்.

இன்ஜினையும் ஷாஃப்டையும் கராஜிலேயே ஒரு முறை நேர்ப்படுத்தியிருப்பீர்கள். அது தற்காலிகம். தண்ணீர் தாங்கும் படகின் வடிவமும் டிரெய்லர் தாங்கும் படகின் வடிவமும் ஒன்றல்ல. சில நாள் மிதந்தபிறகு இன்ஜினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மேல், கீழ், இடம், வலம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.003 அங்குலத்துக்குள் வரும்வரை இன்ஜின் மவுன்ட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் படகு முழுதும் அதிரும், அந்த அதிர்வு நீங்கள் போட்ட புதுத் திருகுகளைத்தான் முதலில் தளர்த்தும்.

குளிர்காலம் வரும்முன் பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் உள்ள வடிகால் குழாய்களை எல்லாம் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்த தண்ணீர் பிளாக்கையே பிளந்துவிடும். படகின் வடிகால் பிளக்கையும் கழற்றி, அதை இக்னிஷன் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டிவையுங்கள். வசந்தத்தில் சாவியைத் தேடும்போது அதுவும் கையில் வரும்.